பழைய ஜீப்பின் ஸ்டீரிங் ஆட்டம்: பாக்ஸைச் சரிசெய்வதா, மாற்றுவதா?

நீங்கள் கேட்டதன் சாரம் இது. கொல்லிமலையில் தோட்டத்துக்குப் போய்வர 1970களின் மகிந்திரா சிஜே-3பி ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். ஸ்டீரிங் வீலை ஒரு கை அகலம் ஆட்டினாலும் முன்சக்கரம் அசையவில்லை. மெக்கானிக் ஸ்டீரிங் பாக்ஸின் (வீலின் திருப்பலைச் சக்கரத்துக்குக் கடத்தும் கியர் பெட்டி) பக்க மூடியில் இருக்கும் திருகை இறுக்கிக் கொடுத்தார். ஆட்டம் குறைந்தது. ஆனால் இப்போது வளைவில் ஒடித்தால் ஸ்டீரிங் தானாகத் திரும்பி வருவதில்லை, இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. பாக்ஸை ரிப்பேர் செய்வதா, பவர் ஸ்டீரிங் போட்டுவிடுவதா என்று கேட்கிறீர்கள்.

பதிலுக்குப் போகும் முன் ஒரு வேலை. அந்தத் திருகை இன்றே பழைய நிலைக்குத் தளர்த்துங்கள், வேலை முடியும்வரை வண்டியை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆட்டம் உள்ள ஸ்டீரிங் மோசம்தான், ஆனால் ஓட்டுபவருக்கு அது தெரிந்திருக்கும், கவனமாக ஓட்டுவார். வளைவில் பிடித்துக்கொள்ளும் ஸ்டீரிங் அதைவிட ஆபத்து. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் கடைசிவரை ஒடித்து, உடனே எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். அந்த இடத்தில் பாக்ஸ் இறுகி நின்றால் உங்களுக்கு நேரம் இருக்காது.

ஏன் பிடிக்கிறது என்று புரிந்துகொண்டால் மீதி எல்லாமே புரிந்துவிடும். இந்த ஜீப்புகளில் வந்தது ராஸ் பாக்ஸ். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து லஃபாயெட் நகரில் இருந்த ராஸ் கியர் நிறுவனத்தின் வடிவமைப்பு. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் இருந்ததே, 1953ல் வில்லிஸ் கொண்டுவந்த சிஜே-3பியிலும் தொடர்ந்தது. உள்ளே அதிகம் ஒன்றும் இல்லை. ஸ்டீரிங் குழாயின் கீழ் முனையில் ஒரு கேம் இருக்கும், அதாவது மரை போலச் சுற்றிச் செல்லும் ஆழமான பள்ளம் வெட்டிய உருளை. குறுக்கே ஒரு லிவர் தண்டு. அதன் தலையில் கூம்பு வடிவில் இரண்டு பின்கள் துருத்திக்கொண்டு கேமின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். வீலைத் திருப்பினால் பள்ளம் பின்களைத் தள்ளும், தண்டு சுழலும், தண்டின் மறுமுனையில் உள்ள டிராப் ஆர்ம் முன்னும் பின்னும் ஆடும். பக்க மூடியில் இருக்கும் திருகு லிவரைக் கேமை நோக்கி அழுத்தி, கூம்புப் பின்களைப் பள்ளத்துக்குள் இன்னும் ஆழமாக இறக்கும். ஆட்டம் குறைவது அதனால்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. புதுக் கேமில் பள்ளம் நடுப்பகுதியில் கொஞ்சம் இறுக்கமாகவும் இரண்டு ஓரங்களில் கொஞ்சம் தளர்வாகவும் வெட்டப்பட்டிருக்கும். வண்டி பெரும்பாலும் நேராகத்தானே ஓடுகிறது? அப்போது கையில் ஆட்டம் தெரியக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். நேராக ஓடும் அதே காரணத்தால் தேய்வதும் நடுப்பகுதிதான். ஐம்பது வருடம் ஓடிய கேமில் நடு தேய்ந்து அகன்றிருக்கும், ஓரங்கள் ஏறக்குறையப் புதிதாகவே இருக்கும். நடுவில் ஆட்டம் போகும்வரை திருகை இறுக்கினால் ஓரங்களில் பின்கள் பள்ளத்தை நெருக்கிப் பிடிக்கும். உங்கள் வண்டியில் நடப்பது இதுதான். பாக்ஸ் புதிதாக இருந்தால் திருகு ஒரு அட்ஜஸ்ட்மென்ட். தேய்ந்த பாக்ஸில் அது ரிப்பேர் ஆகாது.

எவ்வளவு ஆட்டம் இருக்கலாம் என்பதற்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு எல்லை இருக்கிறது. 98ஆம் விதிப்படி ஸ்டீரிங் வீலில் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. பால் ஜாயின்ட்களுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழன்றுவிடாமல் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. ஜீப்பின் வீல் சுமார் 44 செ.மீ. குறுக்களவு. அதில் 30 டிகிரி என்றால் விளிம்பில் 11 செ.மீ.க்கும் மேல். அது சட்டத்தின் கடைசி எல்லை, மலைப்பாதைக்கு அது போதவே போதாது. நேராக நிற்கும் நிலையில் விளிம்பில் 2, 3 செ.மீ.க்குள் ஆட்டம் நிற்பதைத்தான் நான் நல்ல ஸ்டீரிங் என்பேன். ராஸ் பாக்ஸின் விகிதம் நடுவில் 12க்கு 1, ஓரங்களில் 14க்கு 1. டிராப் ஆர்மில் ஒரே ஒரு டிகிரி தளர்வு இருந்தால் வீலில் 12 டிகிரி, அதாவது நாலரை செ.மீ. காட்டும். தேய்மானம் பார்வைக்குச் சின்னதாக இருந்தும் கையில் பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

சரி, பாக்ஸைக் கழற்றும் முன் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பாதிப் பட்டறைகளில் இதைச் செய்வதில்லை. வீலில் ஆட்டம் என்றவுடன் பாக்ஸின் மேல் பழி போட்டுவிடுகிறார்கள். இந்த ஜீப்பில் வீலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஏகப்பட்ட மூட்டுகள். டிராப் ஆர்மிலிருந்து டிராக் லிங்க் என்ற கம்பி, அங்கிருந்து சேஸின் முன் குறுக்குச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பெல் கிராங்க் என்ற நெம்புகோல், அதிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் டை ராடு கம்பிகள், கடைசியில் சக்கரம் இடவலம் திரும்பும் அச்சான கிங் பின். ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் போனாலும் மொத்தம் சேர்ந்து கையில் விழும்.

நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும், இன்ஜின் அணைந்திருக்கட்டும். ஒருவர் உட்கார்ந்து வீலைச் சின்னச் சின்னதாக இடவலம் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் கீழே படுத்து மேலிருந்து வரிசையாகத் தொட்டுப் பாருங்கள். வீல் ஆடுகிறது, டிராப் ஆர்ம் அசையவில்லை என்றால் பாக்ஸுக்குள் தேய்மானம். டிராப் ஆர்ம் அசைகிறது, டிராக் லிங்க் அசையவில்லை என்றால் அந்தப் பந்து மூட்டு. இப்படியே பெல் கிராங்க், டை ராடு முனைகள் என்று போங்கள். மூட்டின் மேல் விரலை வைத்தால் கண்ணுக்குத் தெரியாத தளர்வும் தெரியும். பாக்ஸே சேஸோடு சேர்ந்து அசைகிறதா என்பதை மறக்காமல் பாருங்கள். பழைய ஜீப்புகளில் பாக்ஸ் போல்ட் ஓட்டைகள் பெரிதாகி, அதைச் சுற்றிச் சேஸில் மெல்லிய விரிசல் விட்டிருப்பது சகஜம். கிரீஸையும் பெயின்ட்டையும் சுரண்டிவிட்டு, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்தால்தான் விரிசல் வெளியே வரும். அப்படி இருந்தால் முதலில் சேஸ் வேலை. புதுப் பாக்ஸைக் கொண்டுவந்து விரிசல் விட்ட சேஸில் மாட்டுவதில் பயனில்லை.

அடுத்து முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடுகிறதா? இப்போது ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் பேரிங். இந்த ஆக்ஸிலில் கிங் பின் டேப்பர் ரோலர் பேரிங்கில் சுழல்கிறது, இறுக்கத்தைச் சிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்ய வேண்டும். வில்லிஸ் கையேட்டின் கணக்கு, ஆயில் சீல் இல்லாமல், ஸ்டீரிங் ஆர்மின் முனையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தால் 4 முதல் 6 பவுண்டு, அதாவது சுமார் 1.8 முதல் 2.7 கிலோ இழுப்பில் திரும்ப வேண்டும். மீன் நிறுக்கும் சின்ன ஸ்பிரிங் தராசு போதும். இந்த இறுக்கம் போய்விட்டால் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் இரண்டு முன்சக்கரமும் படபடவென்று உதறத் தொடங்கும், வண்டியை நிறுத்தும்வரை அடங்காது. அதற்குப் பலர் ஸ்டீரிங் டேம்பர் (ஷாக் அப்சார்பர் போன்ற ஒன்று) மாட்டித் தருகிறார்கள். டேம்பர் உதறலை மறைக்கும், தேய்ந்த பேரிங் தேய்ந்துகொண்டே இருக்கும்.

சோதனையில் பாக்ஸ்தான் என்று உறுதியானால் கழற்றலாம். பேட்டரி வயரைக் கழற்றுங்கள், ஹார்ன் வயர் குழாயின் நடுவே போகிறது, அதையும் விடுவியுங்கள். வீலுக்கும் டிராப் ஆர்முக்கும் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டுத்தான் கழற்ற வேண்டும். டிராப் ஆர்ம் வரவில்லை என்று தண்டின் முனையில் சுத்தியலால் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அடி நேராக உள்ளே போய்ப் பின்களைக் கேமின் பள்ளத்தில் மோதும், கடினப்படுத்திய பரப்பு அங்கேயே சில்லு விடும். நல்ல புல்லர் கிடைக்காவிட்டால் இரவல் வாங்கும்வரை காத்திருங்கள். ஆர்மைக் கழற்றும் முன் தண்டிலும் ஆர்மிலும் ஒரே நேரில் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள்.

திறந்து, மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவித் துடைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முதலில் கேமின் நடுப்பள்ளம். நகத்தை ஓட்டினால் படி தட்டுகிறதா, பரப்பு அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருக்கிறதா? இருந்தால் அந்தக் கேம் முடிந்தது. கேமின் இரண்டு பக்கமும் பேரிங் குண்டுகள் ஓடும் தடம் இருக்கிறது, அது கேமிலேயே வெட்டியது, அதையும் பாருங்கள். அடுத்து பின்கள். புதுப் பின் முழு வட்டமாக இருக்கும், தேய்ந்த பின்னில் இரண்டு பக்கமும் தட்டையாகியிருக்கும். சில பாக்ஸ்களில் பின் ரோலரில் சுழலும் வகை வரும். அதில் பின்னைக் கையால் திருப்பினால் கரகரப்பில்லாமல் சுழல வேண்டும். பிறகு லிவர் தண்டு புஷ்ஷில் (தண்டு சுழலும் உலோக வளையம்) உட்காரும் இரண்டு இடங்கள். அங்கே படி விழுந்திருந்தால் புதுப் புஷ் போட்டும் ஆட்டம் போகாது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். தேய்ந்த பின்னுக்கு வெல்டிங் வைத்து நிரப்பி, கிரைண்டரில் தேய்த்து வடிவம் கொண்டுவந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். லிவர் தண்டு, டிராப் ஆர்ம், ஸ்டீரிங் ஆர்ம் ஆகியவை சூட்டுப் பதம் செய்த எஃகு. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும், வெல்டிங்குக்குப் பக்கத்தில் உள்ள இடம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பிரேக் போனால் கியரும் ஹேண்ட் பிரேக்கும் மிச்சம் இருக்கிறது. பின் ஒடிந்தால் வீல் சும்மா சுற்றும், மாற்று வழி ஒன்றும் கிடையாது. வளைந்த ஆர்மைச் சூடு காட்டி நிமிர்த்துவதும் இதே கணக்கில்தான் வரும். கேம், லிவர் இரண்டும் மோசம் என்றால் இரண்டையும் ஜோடியாகப் புதிதாக மாற்றுங்கள். புதுப் பின்னைத் தேய்ந்த கேமில் விட்டால் சீக்கிரமே புதுப் பின்னும் தட்டையாகிவிடும்.

புஷ் வேலைக்கு உங்களுக்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. மலைக்குக் கீழே நாமக்கல், லாரி பாடி கட்டும் ஊர், லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பழைய புஷ்ஷைப் பிரஸ்ஸில் தள்ளிவிட்டு, கன்மெட்டலில் புதிது கடைந்து ஏற்றலாம். ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்லுங்கள்: இரண்டு புஷ்ஷையும் ஏற்றிய பிறகு ஒரே ரீமரை (துளையைச் சீவிச் சரியளவாக்கும் கருவி) இரண்டின் வழியாகவும் ஒரே நேர்கோட்டில் விட வேண்டும். தனித்தனியாகக் கடைந்து ஏற்றினால் நேர்கோடு தப்பும், தண்டு ஒரு பக்கமாக உரசிக்கொண்டு சுழலும். ஆயில் சீலை மாட்டும்போது தண்டின் பல் பகுதியில் மெல்லிய டேப் சுற்றிவிட்டு மாட்டினால் சீலின் உதடு கிழியாது.

பூட்டுவதில் இரண்டு அட்ஜஸ்ட்மென்ட், வரிசை மாறக் கூடாது. முதலில் பக்கத் திருகை நன்றாகத் தளர்த்திவிட்டு, கேமின் மேல்கீழ் ஆட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். மேல் மூடிக்கு அடியில் 0.002, 0.003, 0.010 அங்குலத் தடிமனில் சிம்கள் இருக்கும் (0.05, 0.08, 0.25 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்). சிம்மைக் குறைத்தால் இறுகும். வீலின் விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் லேசாகப் பிடித்துத் திருப்பினால் தடையில்லாமல் சுழல வேண்டும், லேசான உரசல் மட்டும் தெரிய வேண்டும். அப்புறம்தான் பக்கத் திருகு. வீலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணி, அந்த எண்ணிக்கையில் பாதி திரும்பி வந்தால் அது நடு. நடுவைத் தாண்டும்போது மிக லேசான ஒரு பிடிப்பு கையில் தெரியும்வரை திருகை இறுக்கி, லாக் நட்டைப் போடுங்கள். ஒடித்த நிலையில் வைத்து ஒருபோதும் இறுக்காதீர்கள்.

இதைவிட அதிகம் தவறவிடப்படும் ஒன்று இருக்கிறது. பாக்ஸின் நடுவும் முன்சக்கரம் நேராக நிற்பதும் ஒரே இடத்தில் வர வேண்டும். வண்டி நேராகப் போகும்போது வீல் கோணலாக இருந்தால், வீலைக் கழற்றிப் பல் மாற்றி நேராகப் போட்டுத் தருவது சுலபம், பார்க்கவும் சரியாகத் தெரியும். ஆனால் பாக்ஸ் அதன் நடுவை விட்டு விலகி, தளர்வான ஓரப்பகுதியில் ஓடிக்கொண்டிருக்கும். எத்தனை புது உதிரி போட்டாலும் ஆட்டம் போகாது. பாக்ஸை நடுவில் நிறுத்திவிட்டு, சக்கரத்தை நேராகக் கொண்டுவருவதை டை ராடிலும் லிங்க்கிலும்தான் செய்ய வேண்டும். அதே போல வண்டியில் ஏற்றும்போது சேஸ் போல்ட்டுகளை முழுசாக இறுக்கும் முன் ஸ்டீரிங் குழாய் டேஷ்போர்டு கிளாம்ப்பில் தானாக வந்து உட்கார்கிறதா என்று பாருங்கள். குழாயை இழுத்து வளைத்துக் கிளாம்ப்பில் பிடித்தால் உள்ளே கேம் சாய்ந்து, மறுபடி இறுக்கம் வரும்.

பாக்ஸில் ஊற்ற வேண்டியது கியர் ஆயில். 90 அல்லது 140 கிரேடு. ஒழுகுகிறது என்பதற்காகக் கெட்டி கிரீஸை அடைத்து வைப்பது நம் ஊர் வழக்கம். பின்கள் அந்தக் கிரீஸில் ஒரு பாதை வெட்டிக்கொள்ளும், ஒதுங்கிய கிரீஸ் திரும்பி வராது. மேல் பேரிங்குக்கு ஒன்றுமே போய்ச் சேராது. பல பாக்ஸ்கள் காலத்துக்கு முன்பே தேய்ந்ததற்கு இதுதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். ஒழுகினால் சீலையும் புஷ்ஷையும் பாருங்கள்.

பாக்ஸ் வெளியே இருக்கும்போதே மற்றதையும் முடித்துவிடுங்கள். பெல் கிராங்க்கின் பின்னும் ஊசி பேரிங்கும் போயிருந்தால் மாற்றுங்கள். ஏற்ற இறக்கத்தில் தண்ணீரும் சேறும் நேராக அடிக்கும் இடம் அது, அதற்கு அடிக்கடி கிரீஸ் அடிக்க வேண்டும். டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கத்தில் ஒன்றையொன்று நெருங்கியிருக்கும் அளவு) 3/64 முதல் 3/32 அங்குலம், அதாவது 1.2 முதல் 2.4 மி.மீ. காஸ்டர் (கிங் பின் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) 3 டிகிரி. ஸ்டீரிங் தானாக நேருக்குத் திரும்புவது காஸ்டரால்தான். பட்டை ஸ்பிரிங் தொய்ந்திருந்தாலோ, உயரத்துக்காக நீள ஷாக்கிள் (ஸ்பிரிங்கைச் சேஸோடு சேர்க்கும் பட்டை) போட்டிருந்தாலோ காஸ்டர் குறைந்துவிடும். அப்போது பாக்ஸ் எவ்வளவு இலகுவாக இருந்தாலும் வீல் திரும்பாது. உங்கள் வண்டியில் இந்த இரண்டு காரணமும் சேர்ந்தே இருக்கலாம்.

டயர் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, நான் கேட்க வேண்டியது அதுதான். இந்த ஜீப்புக்கு வந்தது 6.00-16, ஒல்லியான டயர். அகல டயரும் வெளியே தள்ளிய ரிம்மும் போட்டால், சக்கரம் இடவலம் திரும்பும் அச்சிலிருந்து டயரின் நடு விலகிப் போகும். ஒவ்வொரு கல்லும் நீண்ட நெம்புகோலைப் பிடித்துத் தள்ளுவது மாதிரி ஆகி, அந்த அடி முழுக்கப் பின்னிலும் கேமிலும் விழும். ராஸ் பாக்ஸ் அதற்குச் செய்யப்பட்டதல்ல.

இனி மாற்றும் கேள்விக்கு வருகிறேன். ராஸ் பாக்ஸின் அடிப்படைக் குறை, பின் பள்ளத்தில் சறுக்குவது. சறுக்கும் இடத்தில் உராய்வும் தேய்மானமும் இருந்தே தீரும். ரீசர்குலேட்டிங் பால் பாக்ஸில் திருகுக்கும் நட்டுக்கும் நடுவில் குண்டுகள் உருண்டு ஓடும், அதனால் இலகு, ஆயுளும் அதிகம். அமெரிக்காவிலேயே ஏஎம்சி (அமெரிக்கன் மோட்டார்ஸ்) நிறுவனம் ஜீப்பை எடுத்துக்கொண்ட பிறகு 1972 சிஜே-5ல் ராஸ் பாக்ஸையும் பெல் கிராங்க்கையும் கைவிட்டு, சாகினா ரீசர்குலேட்டிங் பால் பாக்ஸுக்கு மாறினார்கள். அங்கே பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் இன்றுவரை அதைத்தான் பின்பற்றுகிறார்கள். ஆனால் அது இடது கை ஸ்டீரிங் வண்டிக்கான பாக்ஸ். நம் ஊரில் யாராவது இறக்குமதிப் பாக்ஸ் என்று கொண்டுவந்தாலோ, வேறு வண்டியின் பாக்ஸைப் பழைய இரும்புக் கடையில் எடுத்தாலோ, மாட்டும் முன் மேசையில் வைத்து வீலை வலப்பக்கம் திருப்பி டிராப் ஆர்ம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். திசை மாறினால் வலப்பக்கம் திருப்ப வண்டி இடப்பக்கம் போகும். ஆர்ம் முன்பின்னாக ஆட வேண்டிய இடத்தில் குறுக்காக ஆடும் பாக்ஸ் வந்தாலும் லிங்க் அமைப்பு முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். நம் நாட்டிலேயே இந்த வகைப் பாக்ஸ்கள் தயாராகின்றன, சென்னையின் ரானே (மெட்ராஸ்) போன்ற நிறுவனங்கள் வெகு காலமாகச் செய்கின்றன. வலது கை வண்டிக்கென்றே செய்த பாக்ஸிலிருந்து தொடங்கினால் பாதித் தலைவலி இல்லை.

மாற்றுவதற்கு ஒரு நல்ல காரணத்தை நான் மறைக்கக் கூடாது. ராஸ் பாக்ஸின் குழாய், முன்னால் இருக்கும் பாக்ஸிலிருந்து ஓட்டுநரின் நெஞ்சுவரை ஒரே நேரான இரும்பு. நேருக்கு நேர் மோதினால் அது மடங்காது, பின்னால் வரும். புதுப் பாக்ஸுக்கு மாறும்போது குழாயைப் பிரித்து, நடுவில் யுனிவர்சல் ஜாயின்ட் வைத்து, மோதலில் சுருங்கும் வகைத் தண்டு போடலாம். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர் என்றால் இதற்காகவே மாற்றலாம் என்பேன்.

பவர் ஸ்டீரிங் போடுவதாக இருந்தால் பாக்ஸ் விலையைவிடச் சேஸ் வேலைக்கு அதிகம் ஒதுக்குங்கள். கையால் தரும் விசையைவிடப் பல மடங்கு விசையைப் பவர் பாக்ஸ் சேஸின் மேல் போடும். ஜீப்பின் சேஸ் மெல்லிய தகடு. இரண்டு பக்கமும் பிளேட் வைத்து, போல்ட் போகும் ஓட்டைகளில் குழாய்த் துண்டு செருகி வெல்டு செய்ய வேண்டும். அது இல்லாமல் போல்ட்டை இறுக்கினால் சேஸ் நசுங்கும், நசுங்கினால் போல்ட் தளரும். பாக்ஸை முன் குறுக்குச் சட்டத்தோடும் பிடித்துக் கட்டுங்கள். போல்ட் 8.8 தரத்துக்குக் குறையக் கூடாது. பம்ப்பின் கப்பி அளவையும் யோசிக்க வேண்டும். பழைய டீசல் இன்ஜின் மெதுவாக ஐடிலில் ஓடும், ஸ்டீரிங்குக்கு அதிக உதவி வேண்டியதும் வண்டி நகராமல் ஒடிக்கும் அந்த நேரத்தில்தான். கப்பி பெரிதாகிவிட்டால் ஐடிலில் பம்ப் போதிய எண்ணெய் தள்ளாது.

டிராக் லிங்க்கின் சாய்வையும் விட்டுவிடாதீர்கள். வேலை முடிந்ததும் வீலை விட்டுவிட்டு முன் பம்பரை அழுத்தி அழுத்தி விடுங்கள். ஸ்பிரிங் ஏறி இறங்கும்போது வீல் தானாகச் சுற்றினால் லிங்க்கின் சாய்வு தப்பு. ரோட்டில் ஒவ்வொரு மேடும் வண்டியை ஒரு பக்கம் இழுக்கும். அதைச் சரிசெய்ய ஆர்மின் உயரத்தை மாற்ற வேண்டியிருக்கும்.

சின்னக் கார்களின் எலக்ட்ரிக் பவர் ஸ்டீரிங் மோட்டாரை ஜீப் குழாயில் மாட்டுவது இப்போது பரவியிருக்கிறது. பம்ப் வேண்டாம், பெல்ட் வேண்டாம், வேலை சுருக்கம். ஆனால் மோட்டார் பாக்ஸுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அது தரும் கூடுதல் முறுக்கு முழுவதும் அதே பின்கள், அதே கேம் வழியாகத்தான் போக வேண்டும். தேய்ந்த ராஸ் பாக்ஸின் மேல் இதைப் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இத்தனையும் வைத்து உங்களுக்கு என் பதில்: ஒல்லி டயர்தான், தோட்டத்து வேலைக்குத்தான் என்றால் ராஸ் பாக்ஸையே முறையாக ரீபில்டு செய்யுங்கள், கிங் பின்னையும் பெல் கிராங்க்கையும் கூடவே முடியுங்கள். ஒல்லி டயரில் நல்ல நிலையில் உள்ள ராஸ் பாக்ஸ் மலைக்குப் போதுமானது, இலகுவாகவும் இருக்கும். அகல டயர் வேண்டும், அல்லது தோள் வலி, வயது காரணமாக ஒடிக்கக் கஷ்டமாக இருக்கிறது என்றால் மாற்றுங்கள், ஆனால் அரைகுறையாக வேண்டாம். கையில் பணம் சேரும்வரை ரீபில்டு பாக்ஸோடு ஓட்டிவிட்டு, பிறகு ஒரே தடவையில் சேஸ், பாக்ஸ், தண்டு, லிங்க் எல்லாவற்றையும் செய்யலாம்.

மாற்றும் முடிவெடுத்தால் வேலை தொடங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. சொந்த உபயோக வண்டிக்கு 15 வருடம் முடிந்தபின் ஐந்து ஐந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் ஜீப்புக்கு அது ஏற்கனவே நடந்துகொண்டிருக்கும். அடுத்த சோதனையில் ஆய்வாளர் ஸ்டீரிங்கை ஆட்டிப் பார்ப்பார், ரப்பர் மூடிகளையும் ஸ்பிளிட் பின்களையும் பார்ப்பார்.

வேலை முடிந்து வண்டி வந்ததும் நேராக மலையேற வேண்டாம். சமதளத்தில் யாருமில்லாத இடத்தில் இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, எங்கும் பிடிக்காமல் திரும்புகிறதா, டயர் ஸ்பிரிங்கிலோ பிரேக் ஹோஸிலோ உரசுகிறதா என்று பாருங்கள். அடுத்து மெதுவாக ஓட்டியபடி, வளைவு முடிந்ததும் கையைத் தளர்த்திப் பாருங்கள், வீல் தானாக நடுவுக்கு வர வேண்டும். சில நாள் ஓடியபின் பாக்ஸின் சேஸ் போல்ட்டுகளையும் டிராப் ஆர்ம் நட்டையும் மறுபடி ஸ்பானர் போட்டுப் பாருங்கள், புதுப் பெயின்ட்டும் புது வாஷரும் படிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். கேமைத் திறக்கும்போது நடுப்பள்ளத்தையும் பின்களையும் அருகில் படம் எடுத்து அனுப்பினால், மாற்ற வேண்டுமா, புஷ் மட்டும் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.